விறகுக் கட்டும் மின்கம்பியும்: சக்தித் தொழில் பற்றி ஒரு பாடம்



பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு மாலை நேரம். லயத்து இஸ்தோப்பில் பேத்தி கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கவ்வாத்து மலைக்குப் போன அம்மாயி, மிலாறுக் கட்டைத் தலையில் சுமந்து வந்து வாசலில் இறக்குகிறாள். இரண்டு தடவை இருமிவிட்டுக் கேட்கிறாள்.

“என்னா புள்ள எழுதுற?”

“ஸ்கூல்ல கட்டுரை குடுத்திருக்காங்க அம்மாயி. ‘சக்தித் தொழிலும் அதன் கிளைகளும்.’”

“அப்படின்னா?”

“கரண்டு, பெற்றோல், கேஸ், நிலக்கரி. இதையெல்லாம் எடுத்து, மாத்தி, கொண்டுபோய் விக்கிற தொழில்.”

“அப்ப என் வெறகு அதுல இல்லியா?”

பேத்திக்கு உடனே பதில் வரவில்லை. எழுதி வைத்திருந்த பட்டியலைப் பார்த்தாள். அதில் விறகு இல்லை.

அம்மாயி கேட்டது சரியான கேள்வி. அந்தக் கேள்வியோடு இந்தப் பாடத்தைத் தொடங்குவோம்.

சக்தி என்றால் என்ன?

ஒரு வேலையைச் செய்து முடிக்கத் தேவையானதே சக்தி. சோறு வேக வேண்டுமானால் சூடு வேண்டும். மலை ஏறக் காலுக்குத் தெம்பு வேண்டும். பஸ் ஓட டீசல் வேண்டும். பல்ப் எரிய மின்சாரம் வேண்டும். இவை எல்லாம் சக்தியின் வெவ்வேறு உருவங்கள்.

சக்தியை யாரும் புதிதாக உண்டாக்க முடியாது. ஓர் உருவத்திலிருந்து இன்னோர் உருவத்துக்கு மாற்றத்தான் முடியும். வெயிலை வாங்கி மரம் வளர்கிறது. அந்த மரத்தை எரித்தால் வாங்கிய வெயில் சூடாகத் திரும்பி வருகிறது. இப்படி மாற்றும்போது ஒரு பகுதி எப்போதும் வீணாகப் போகும். அந்த வீண் எவ்வளவு, யார் தலையில் விழுகிறது என்பதைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். நம் வீட்டுப் பணமும் நம் உடம்பும் அதில்தான் இருக்கின்றன.

எந்தச் சக்தித் தொழிலிலும் மூன்று வேலை உண்டு. தேயிலையை நினைத்துப் பார்த்தால் எளிதாக விளங்கும். மலையில் கொழுந்து எடுக்கிறோம். ஸ்டோரில் அதைத் தேயிலையாக மாற்றுகிறார்கள். பிறகு லொறியில் கொழும்புக்குக் கொண்டு சேர்க்கிறார்கள். சக்தியிலும் அப்படித்தான்: எடுப்பது, மாற்றுவது, கொண்டு சேர்ப்பது. இனி ஒவ்வொரு கிளையாகப் பார்ப்போம்.

முதலாம் கிளை: விறகு

மனிதன் முதன்முதலில் பழகிய எரிபொருள் விறகுதான். இன்றைக்கும் தோட்டத்து வீடுகளில் பெரும்பாலானவற்றில் சோறு வேகுவது விறகடுப்பில். ஆனால் இதற்குக் கம்பனி இல்லை, பில் இல்லை, சம்பளம் இல்லை. எடுப்பது, மாற்றுவது, கொண்டு சேர்ப்பது என்ற மூன்று வேலையையும் பெரும்பாலும் ஒரே ஆள் செய்கிறாள். மலையில் பொறுக்கி, தலையில் சுமந்து, அடுப்பில் ஊதுகிறாள். அம்மாயி செய்வது சக்தித் தொழில்தான். கணக்குப் புத்தகத்தில் பேர் விழாத தொழில்.

தேயிலை ஸ்டோரும் விறகை நம்பித்தான் இருக்கிறது. 100 கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து 21 அல்லது 22 கிலோ தேயிலைதான் கிடைக்கும். மீதி முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். வாட்டும் தட்டில் கொஞ்சமும், காய்ச்சும் மெஷினில் மீதியும் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போக வேண்டும். அதற்கான சூட்டைப் பெரும்பாலான ஸ்டோர்களில் விறகு உலைதான் கொடுக்கிறது. காற்றாடிகளும் ரோலர்களும் மின்சாரத்தில் ஓடினாலும், ஒரு ஸ்டோர் செலவழிக்கும் சக்தியில் பெரும்பங்கு மின்சாரம் அல்ல, சூடு.

விறகை இன்று நவீன எரிபொருளாகவும் பார்க்கிறார்கள். வேலி ஓரத்திலும் நிழலுக்கும் நடுகிறோமே கிளிரிசீடியா, அதை 2005 ஆம் ஆண்டில் அரசாங்கம் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. வெட்ட வெட்டத் துளிர்க்கும், மண்ணுக்கு உரமும் ஆகும், எரித்து மின்சாரமும் எடுக்கலாம் என்பதே காரணம்.

இரண்டாம் கிளை: எண்ணெயும் கேஸும்

பூமிக்கு அடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் புதைந்து கிடந்த உயிர்ப்பொருள்களிலிருந்து உண்டானது கனிய எண்ணெய். தோண்டி எடுத்த எண்ணெயை அப்படியே பாவிக்க முடியாது. சுத்திகரிப்பு ஆலையில் சூடாக்கிப் பிரிக்க வேண்டும். ஒரே எண்ணெயிலிருந்துதான் கேஸ், பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல், கடைசியில் ரோட்டுக்குப் போடும் தார் வரை பிரிந்து வருகின்றன.

நம் நாட்டுக்குச் சொந்தமாக எண்ணெய் எடுக்கும் கிணறு இல்லை. மன்னார்க் கடலுக்கு அடியில் 2011 இல் இயற்கை வாயு இருப்பது தெரியவந்தது. ஆனால் அது அடுப்புக்கு வரவில்லை. எல்லாம் கப்பலில் வருகிறது, டொலரில் வாங்கப்படுகிறது. கொழும்புக்குப் பக்கத்திலுள்ள சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு ஆலை 1969 இல் தொடங்கப்பட்டது. எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் 2021 நவம்பரில் அந்த ஆலையையே மூட வேண்டி வந்தது.

அதற்கு அடுத்த வருடம் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2022 இல் பெற்றோல் கியூ, டீசல் கியூ, மண்ணெண்ணெய் கியூ. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியது. மண்ணெண்ணெய் அடுப்புக்கு மாறியிருந்த பல வீடுகள் மறுபடியும் மிலாறு பொறுக்கப் போயின. எங்கேயோ துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்கும் நம் அடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று இனி யாரும் கேட்கத் தேவையில்லை.

மூன்றாம் கிளை: நிலக்கரி

ஆதிகாலத்துக் காடுகள் மண்ணுக்குள் அழுந்தி இறுகிக் கல்லானவை நிலக்கரி. 1924 இல் பதுளைக்கு முதன்முதலாக ரயில் வந்தபோது இஞ்சின்கள் நீராவியில் ஓடின. நிலக்கரியைப் போட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்த ஆவியால் சக்கரத்தைத் தள்ளினார்கள். இன்று ரயில் டீசலில் ஓடுகிறது. நிலக்கரியோ மின்சாரம் எடுக்கப் போய்விட்டது. நிலக்கரியை எரித்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆவியால் சுழலியைச் சுற்றினால் மின்சாரம் பிறக்கும்.

இலங்கையின் நிலக்கரி மின்நிலையம் புத்தளம் மாவட்டத்தில் நுரைச்சோலையில் இருக்கிறது. முதல் பகுதி 2011 இலும், முழுமையாக 2014 இலும் இயங்கத் தொடங்கியது. ஒவ்வொன்றும் 300 மெகாவோட் வீதம் மூன்று இயந்திரங்கள், மொத்தம் 900 மெகாவோட். தென்மேற்குப் பருவக் காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அங்கே கப்பலிலிருந்து நிலக்கரி இறக்க முடியாது. ஆகவே முன்கூட்டியே இறக்கிக் குவித்து வைக்கிறார்கள். அடைமழைக்கு முன்னே அம்மாயி மிலாறு அடுக்கி வைப்பதும் இதே யோசனைதான்.

நம் முன்னோர் வந்த தமிழ்நாட்டில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டுகிறார்கள். அதற்கான நிறுவனம் 1956 இல் அமைக்கப்பட்டது. உலகம் முழுவதும் பாவிக்கும் சக்தியில் ஐந்தில் நான்கு பங்கு இன்னும் எண்ணெய், நிலக்கரி, இயற்கை வாயு ஆகிய மூன்றிலிருந்தே வருகிறது. இவை எரியும்போது எழும் கரியமில வாயு வானத்தில் சேர்ந்து பூமியைச் சூடாக்குகிறது. மழை காலம் தப்புவதற்கும், பெய்தால் கொட்டித் தீர்ப்பதற்கும் இது ஒரு காரணம் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். மழையை நம்பிக் கொழுந்து எடுக்கும் நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

நான்காம் கிளை: தண்ணீர்

இது நம்முடைய மலையின் கிளை. உயரத்திலிருந்து விழும் தண்ணீர் சுழலியைச் சுற்றும், சுழலி மின்பிறப்பாக்கியைச் சுற்றும், மின்சாரம் வரும். எரிக்க ஒன்றும் வேண்டாம், புகையும் இல்லை.

இந்த வித்தையைத் தோட்டங்கள் மிக முன்பே அறிந்திருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே பல ஸ்டோர்களில் ஓடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கி மெஷின்களை ஓட்டினார்கள். பின்னால் பெரிய கம்பியில் மின்சாரம் வந்ததும் அந்தச் சின்னச் சுழலிகள் கைவிடப்பட்டன. இன்றும் சில தோட்டங்களில் பழைய குழாயும் துருப்பிடித்த சக்கரமும் கிடக்கும். 1990களின் கடைசியிலிருந்து சிறு நீர்மின் நிலையங்கள் மறுபடியும் மலைநாட்டு ஓடைகளில் கட்டப்பட்டு வருகின்றன.

பெரிய அளவில் இதைக் கனவு கண்டவர் டி.ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர். 1912 இல் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் பிளக்பூல் என்ற இடத்தில் ஒரு சிறிய நீர்மின் நிலையம் அமைந்ததில் அவருடைய பங்கு உண்டு. 1918 இல் நாட்டின் நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதிச் சமர்ப்பித்தார். அவர் சொன்ன லக்ஷபான மின்நிலையம் 1950 இல்தான் இயங்கத் தொடங்கியது. அடுத்து காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் வந்தன. கோடையில் மவுசாக்கலையில் தண்ணீர் வற்றும்போது பழைய மஸ்கெலியா நகரத்துக் கோவில் இன்றும் தலை காட்டும். மகாவலித் திட்டத்தில் 1985 இல் விக்டோரியா 210 மெகாவோட், கொத்மலை 201 மெகாவோட் என்று பெரிய நிலையங்கள் எழுந்தன. தலவாக்கலையில் மேல் கொத்மலை, 150 மெகாவோட், 2012 இல் வந்தது.

இனி நம்முடைய ஊவாவுக்கு வருவோம். வெலிமடைப் பக்கத்தில் புகுல்பொலவிலும், பண்டாரவளைப் பக்கத்தில் டயரபாவிலும் இரண்டு அணைகள் கட்டி, உமா ஓயாவின் தண்ணீரை மலைக்குள் 15 கிலோமீற்றருக்கும் மேல் நீளமான சுரங்கத்தில் கொண்டுபோய், வெல்லவாயப் பக்கம் நிலத்துக்கு அடியில் இருக்கும் மின்நிலையத்தில் விழச் செய்கிறார்கள். 60 மெகாவோட் வீதம் இரண்டு இயந்திரங்கள், மொத்தம் 120 மெகாவோட். வெளியே வரும் தண்ணீர் மொணராகலை, அம்பாந்தோட்டைப் பக்கத்து வயல்களுக்குப் போகிறது. 2008 இல் அடிக்கல் வைத்த வேலை, 2024 ஏப்ரல் 24 இல் திறந்து வைக்கப்பட்டது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. சுரங்கம் தோண்டும்போது 2014 டிசம்பரிலும் அதற்குப் பிறகும் பாறைக்குள் இருந்த நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. பண்டாரவளை சுற்றுவட்டாரத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017 ஜூனில் ஆயிரக்கணக்கான மக்கள் பண்டாரவளை நகரில் திரண்டு ஆர்ப்பாட்டம் செய்தார்கள். புகை இல்லாத மின்சாரம் என்பதற்காகப் பாதிப்பே இல்லாத மின்சாரம் என்று சொல்லிவிட முடியாது. எந்தக் கிளையிலும், ‘இதனால் யாருக்கு வெளிச்சம், யாருக்கு நட்டம்?’ என்று இரண்டு பக்கமும் கேட்டுப் பழக வேண்டும்.

நீர்மின்சாரத்துக்கு இன்னொரு குறை, மழை தவறினால் அதுவும் தவறும். 1996 இல் நாட்டின் மின்சாரம் அநேகமாக முழுவதும் தண்ணீரை நம்பியிருந்தது. வறட்சி வந்தது, நீண்ட மின்வெட்டும் வந்தது. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை ஊவாவில் கச்சான் காற்று அடித்து மலை காயும்போது, மேற்குப் பக்கம் மழை கொட்டி லக்ஷபான நிரம்பும். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் மழை பிடிக்கும்போது உமா ஓயா நிரம்பும். ஒரு பக்கத்து மழை மறு பக்கத்து வறட்சியைத் தாங்குகிறது.

ஐந்தாம் கிளை: காற்றும் வெயிலும் அணுவும்

அதே கச்சான் காற்று ஊவாத் தேயிலைக்குத் தனி வாசம் கொடுப்பதை நாம் அறிவோம். காற்றுக்கு இன்னொரு வேலையும் தெரியும். பெரிய இறக்கைகளைச் சுற்றி மின்சாரம் தரும். மன்னாரில் ‘தம்பபவனி’ என்ற காற்றாலை 2020 டிசம்பரில் தொடங்கப்பட்டது. 30 காற்றாலைகள், ஏறக்குறைய 100 மெகாவோட். தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில் காற்றாலைகள் காடு போல நிற்கின்றன.

வெயிலுக்குக் கூரையே போதும். சூரியத் தகட்டில் வெயில் படும்போது நேராகவே மின்சாரம் உண்டாகிறது. சுழலி வேண்டாம், சத்தம் இல்லை. 2016 இல் அரசாங்கம் கூரைச் சூரிய மின்சாரத்துக்கு ஒரு பெரிய திட்டம் தொடங்கிய பிறகு நகர்ப்புற வீடுகளில் இது வேகமாகப் பரவியது. ஆனால் இரவில் வெயில் இல்லை, அமைதியான நாளில் காற்று இல்லை. மின்சாரத்தைச் சேமிக்க பெரிய பெற்றரிகள் வேண்டும், அவற்றின் விலை அதிகம்.

அணுமின்சாரம் இலங்கையில் இல்லை. யுரேனியம் என்ற உலோகத்தின் அணுவைப் பிளக்கும்போது வரும் சூட்டால் தண்ணீரைக் கொதிக்க வைத்து மின்சாரம் எடுப்பது அந்த முறை. தமிழ்நாட்டில் கூடங்குளத்தில் 2013 முதல் அப்படி மின்சாரம் எடுக்கிறார்கள்.

ஆறாம் கிளை: கம்பி

எங்கே பிறந்தாலும் மின்சாரம் கம்பி வழியாகத்தான் வர வேண்டும். தோட்டத்துக்கு மேலே பெரிய இரும்புக் கோபுரங்களில் போகும் கம்பிகளில் 1,32,000 வோல்ட், 2,20,000 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. அழுத்தத்தைக் கூட்டினால் வழியில் வீணாவது குறையும். அதனால்தான் அவ்வளவு உயர்ந்த அழுத்தம். ஊர் ட்ரான்ஸ்போமரில் அதைப் படிப்படியாகக் குறைத்து 230 வோல்ட்டாக வீட்டுக்குத் தருகிறார்கள்.

மின்சாரம் உண்டாகும் அளவும் பாவிக்கும் அளவும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருக்க வேண்டும். காவடியின் ஒரு பக்கம் திடீரென்று பாரம் இறங்கினால் மறு பக்கம் சாய்ந்துவிடும் அல்லவா? 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, அதுதான் நடந்தது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மோதியதால் சமநிலை கெட்டு, காலையில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறைக் குரங்குக்காகப் பதுளை லயத்திலும் பல்ப் அணைந்தது. எல்லாம் ஒரே கம்பி வலை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

இலங்கை மின்சார சபை 1969 நவம்பர் 1 இல் தொடங்கப்பட்டது. அதைப் பல நிறுவனங்களாகப் பிரித்து நடத்த 2024 ஆம் ஆண்டில் புதிய சட்டம் வந்தது. மின்கட்டணத்தை மேற்பார்வை செய்வது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. கட்டணம் மாறும்போது அந்த ஆணைக்குழு மக்களிடம் கருத்துக் கேட்கும். தோட்டத்து மக்களும் கருத்துச் சொல்லலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

நம் காம்பராவின் கணக்கு

இவ்வளவும் படித்து என்ன பயன்? மூன்று பயன் சொல்கிறோம்.

ஒன்று, பில். 1000 வோட் கருவி ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யுனிட். 60 வோட் குண்டு பல்ப் தினம் 5 மணித்தியாலம் எரிந்தால் மாதம் 9 யுனிட். அதே வெளிச்சத்தை 9 வோட் எல்.ஈ.டி. பல்ப் ஒன்றரை யுனிட்டுக்குள் தரும். 1000 வோட் இஸ்திரிப்பெட்டி தினம் அரை மணித்தியாலம் என்றால் மாதம் 15 யுனிட். வாரத்துக்கு ஒரு நாள் மொத்தமாக மினுக்கினால் பெட்டி சூடாவதற்குப் போகும் வீண் குறையும். 2023, 2024 ஆண்டுகளின் கட்டணப் பட்டியல்களில் மாதப் பாவனை 60 யுனிட்டைத் தாண்டினால் முதல் யுனிட்டிலிருந்தே விலை கூடியது. எந்த இடத்தில் படி ஏறுகிறது என்பதை உங்கள் புதிய பில்லில் பார்த்து, படிக்கு இந்தப் பக்கம் நில்லுங்கள்.

இரண்டு, உயிர். லயத்தில் ஒரு காம்பராவில் தீப் பிடித்தால் வரிசை முழுவதும் எரியும். ஒரு காம்பராவிலிருந்து அடுத்த காம்பராவுக்கு மெல்லிய வயரில் கரண்ட் இழுக்காதீர்கள். பியூஸ் போன இடத்தில் தடித்த செம்புக் கம்பி சுற்றாதீர்கள். பியூஸ் போவது ஓர் எச்சரிக்கை. ட்ரிப் சுவிட்சில் ஒரு சின்னப் பட்டன் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்துங்கள். சுவிட்ச் விழ வேண்டும். விழாவிட்டால் அது உங்களைக் காப்பாற்றாது, மின்வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்ததை நாம் கண்டோம். அப்படியான நேரத்தில் விழுந்து கிடக்கும் கம்பிக்குப் பக்கத்தில் போகாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். கரண்ட் இல்லாத கம்பி மாதிரித்தான் தெரியும், நம்ப வேண்டாம்.

கேஸ் பாவிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2021 கடைசியில் நாட்டின் பல வீடுகளில் கேஸ் அடுப்புகள் வெடித்தன. கேஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். மணம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், நெருப்புக் குச்சி கிழிக்காமல், கதவைத் திறந்துவிட்டு, சிலிண்டரை மூடி வெளியே வந்துவிடுங்கள்.

மூன்று, மூச்சு. இதுதான் நாம் அதிகம் கவனிக்காதது. ஜன்னல் இல்லாத சின்ன அடுப்படியில் ஈர விறகு எரியும்போது வரும் புகை கண்ணை மட்டும் எரிப்பதில்லை, நெஞ்சுக்குள் போய்த் தங்குகிறது. வீட்டு அடுப்புப் புகையால் 2020 இல் உலகம் முழுவதும் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அதிகம் பாதிக்கப்படுவது அடுப்பின் முன் நிற்கும் பெண்களும், அவர்கள் இடுப்பில் இருக்கும் கைக்குழந்தைகளும். “வெறகு சும்மா கெடைக்குது” என்கிறோம். அதன் விலையை நெஞ்சு கட்டுகிறது.

உடனே எல்லாரும் கேஸுக்கு மாறிவிட முடியாது. ஆனால் இன்றைக்கே செய்யக்கூடியவை உண்டு. பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே நெருப்பில் ஒரு பகுதி போய்விடும். ஆகவே விறகைப் பிளந்து, மழை படாத இடத்தில் அடுக்கி, நன்றாகக் காய வைத்துப் பாவியுங்கள். மூன்று கல் அடுப்புக்குப் பதிலாக ‘அனகி’ என்ற களிமண் இரட்டை அடுப்பு வையுங்கள். நெருப்பு இரண்டு பானைக்கும் போகும், விறகு குறையும். பானையை மூடிச் சமையுங்கள். பருப்பு, கடலை வகைகளை முதல் நாள் இரவே ஊறப் போடுங்கள். அடுப்புக்கு மேலே புகை போக வழி வையுங்கள். கைக்குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வழி

இந்தக் கிளைகள் ஒவ்வொன்றிலும் வேலை இருக்கிறது. வயரிங் செய்பவர், சூரியத் தகடு பூட்டுபவர், மோட்டார் திருத்துபவர், பொயிலர் பார்ப்பவர், மின்நிலைய இயந்திரம் பார்ப்பவர் எல்லோரும் சக்தித் தொழிலாளர்கள்தான். சாதாரண தரத்தோடு படிப்பு நின்ற பிள்ளைகளும் என்.வி.கியூ. சான்றிதழ் பெற்று இந்தத் தொழில்களுக்குப் போகலாம். பதுளைத் தொழில்நுட்பக் கல்லூரியிலும், தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களிலும் எந்தப் பாடநெறி நடக்கிறது, எப்போது விண்ணப்பம் கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். அம்மாயி காலத்திலிருந்து நெருப்போடு வேலை செய்தவர்கள் பெண்கள்தானே!

மறுபடியும் அந்த இஸ்தோப்புக்குப் போவோம். பேத்தி பழைய பட்டியலை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதுகிறாள்.

“அம்மாயி, முதலாம் கிளைன்னு வெறக எழுதிட்டேன்.”

“எழுது, எழுது. யாரு சொமந்தான்னும் எழுது.”

“அதையும் எழுதுறேன். ஆனா ஒண்ணு. நாளைக்கு அப்பாகிட்ட சொல்லி அடுப்புக்கு மேல பொகக்கூடு வைக்கணும். இல்லன்னா ஒங்க இருமல் போவாது.”

அம்மாயி ஒன்றும் சொல்லவில்லை. ஈர மிலாறைத் தனியாகப் பிரித்து, காய்வதற்காக இஸ்தோப்பின் ஓரத்தில் அடுக்கத் தொடங்கினாள்.

கலந்து பேசுவோம்

மாதர் சங்கக் கூட்டத்திலோ, வாசிகசாலையிலோ, வீட்டிலோ உட்கார்ந்து இந்தக் கேள்விகளைப் பேசிப் பாருங்கள்.

1. எடுப்பது, மாற்றுவது, கொண்டு சேர்ப்பது ஆகிய மூன்று வேலையையும் உங்கள் தோட்டத்து ஸ்டோரில் எங்கெங்கே காணலாம்?

2. சென்ற மாத மின்சார பில்லில் எத்தனை யுனிட்? அதில் எந்தக் கருவி அதிகம் எடுத்திருக்கும்?

3. உங்கள் வீட்டில் வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் விறகுக்குப் போகிறது? அந்த வேலையை யார் செய்கிறார்கள்? வீட்டில் மற்றவர்கள் அதைப் பங்கிட்டுக் கொள்ளலாமா?

4. உங்கள் மலையில் பழைய சுழலியோ தண்ணீர்க் குழாயோ இருக்கிறதா? அது எப்படி ஓடியது என்று வயதானவர்களிடம் கேட்டு, பிள்ளைகளைக் கொண்டு எழுதி வையுங்கள்.

5. உங்கள் லயத்தில் புகை போக வழியில்லாத அடுப்படிகள் எத்தனை? அவற்றில் ஒன்றையாவது இந்த மாதம் திருத்த யார் யார் கை கொடுப்பீர்கள்?